கேப்டன் வெல்பியின் மரக்கால்

உளவுத்துறை என்று ஒன்று இருப்பதே லண்டன் மக்களுக்குத் தெரியாத காலம் அது. அந்தத் துறையின் தலைவர் கேப்டன் வெல்பி. அவருக்கு ஒரு கால் மரக்கால். அவரிடம் தொழில் கற்றவர்களில் பார்லோதான் மிகவும் நெட்டை. ஆறரை அடி.

அன்று மாலை ஐந்து மணிக்குக் கப்பல். அக்கரைத் துறைமுகத்தில் கட்டப்படும் போர்க்கப்பல்களை வேவு பார்த்து வரவேண்டும். பார்லோ ஒரு வருடமாகக் காத்திருந்த முதல் வேலை. கூனிக் குறுகிக் கேப்டனின் அறைக்குள் வந்தான்.

"என்ன பார்லோ, முதுகுப் பிடிப்பா?"

"ஒத்திகை ஐயா. நிமிர்ந்தால் ஊரே என்னைப் பார்க்கிறது. இந்த உயரத்தைக் காரணம் காட்டி வேறு ஆளை அனுப்பிவிடாதீர்கள்! யார் கண்ணிலும் படாமலிருக்க ஒரு வழி சொல்லுங்கள்."

கேப்டன் மேசையிலிருந்த, காகிதம் வெட்டும் கத்தியை எடுத்தார். "கடைத்தெருவுக்கு வா. தள்ளி நின்று பார். நான் போனபிறகு, என் முகம் எப்படி இருந்தது என்று நாலு பேரிடம் விசாரி."

டக், டக் என்று தெரு அதிர நடந்தார். மீன்கடை முன்னால் நின்றார். கத்தியை ஓங்கி, கால்சட்டையோடு சேர்த்து முழங்காலுக்குக் கீழே ஒரே குத்து!

"ஐயையோ!" என்று மீன்காரி அலறினாள்.

கத்தி அசையாமல் நின்றது. கேப்டன் சிரித்தார்.

"அடேய், மரக்காலடா!" என்று தெருவில் யாரோ கத்தினார்கள்.

கூட்டம் மொய்த்துக்கொண்டது. ஓடிவந்த போலீஸ்காரரும் இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து வாயைப் பிளந்தார். கேப்டன் கத்தியைப் பிடுங்கினார், எல்லோருக்கும் ஒரு சலாம் போட்டார், சந்துக்குள் மறைந்தார்.

பார்லோ விசாரித்தான்.

"நல்ல அடர்த்தியான தாடி" என்றாள் மீன்காரி.

"தாடியா? மொழுமொழுவென்றல்லவா இருந்தார்!" என்றார் பக்கத்துக் கடைக்காரர்.

போலீஸ்காரருக்கோ கோபமே வந்துவிட்டது. "மரக்காலில் கத்தி நிற்கிறது! அதை விட்டுவிட்டு முகத்தையா பார்ப்பான் மனுஷன்?"

பார்லோ இரண்டிரண்டு படியாகத் தாவி, கேப்டனின் அறைக்கு மாடியேறினான். "ஐயா! ஒருவருக்கும் உங்கள் முகம் தெரியவில்லை!"

கேப்டன் பையிலிருந்து ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். போலீஸ்காரரின் விசில்.

பார்லோ விசிலைப் பார்த்தான். கேப்டனின் கையைப் பார்த்தான். கடிகாரம் நான்கு அடித்தது.

"அப்படியானால், கப்பலுக்கு நான்...?"

"போகிற வழியில் இதை அவரிடம் கொடுத்துவிடு. தெருவில் கிடந்தது என்று சொல். பிறகு ஒரு தொப்பி வாங்கிக்கொள்."

பார்லோ சடாரென்று நிமிர்ந்தான். தலை உத்தரத்தில் இடித்தது.

"எந்த மாதிரித் தொப்பி ஐயா?"

"கடையில் இருப்பதிலேயே உயரமானது."