நூறைக் கழித்த கணக்கு

கரட்டுப்பாளையம் அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவர்கள் ஏழு பேர். ஏழு பேருக்கும் சேர்த்து யோசிக்கிற வேலையை நாச்சிமுத்து பார்த்துக்கொண்டார். அவர் யோசித்து முடித்ததும் மற்ற ஆறு பேரும் அதை அப்படியே செய்துவிடுவார்கள். ஆலைக் கூரையில் இருக்கும் மூன்று ஓட்டைகளும் அப்படி வந்தவைதான்.

ஏழு பேரில் பெரிய ஆள் சென்னியப்பன். நெல்மூட்டையைத் தலையணை மாதிரி தூக்குவார். பொங்கலுக்கு ஓடைப்பட்டிக்காரர்களோடு நடக்கும் கயிறு இழுக்கும் போட்டியில், கடைசி ஆளாகக் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு நிற்பது அவர்தான். அந்த இடம் என்றால் அவருக்கு உயிர்.

போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது ஆலையில் மருத்துவ முகாம் போட்டார்கள். டாக்டரம்மா சென்னியப்பனை அளந்தார். உயரம் நூற்று எழுபது சென்டிமீட்டர். எடை எண்பத்தெட்டு கிலோ.

“உயரத்துல நூறைக் கழிச்சா வர்றதுதான் உத்தேசமா இருக்க வேண்டிய எடை. உங்களுக்கு எழுபது. பதினெட்டு கிலோ கூட இருக்கீங்க. கொஞ்சம் வாயைக் கட்டுங்க” என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். பின்னால் பெரிய வரிசை. அதற்கு மேல் பேச நேரமில்லை.

வெளியே வந்ததும் நாச்சிமுத்து தோளில் கிடந்த துண்டை உதறி, சென்னியப்பனின் வாயைக் கட்டினார்.

“இறுக்கமா இருக்குதா?”

“ம்ம்.”

“அப்பக் குறையும்.”

சாப்பாட்டு நேரத்தில் மட்டும் அவிழ்த்துவிட்டார்கள். டாக்டரம்மா ‘கொஞ்சம்’ கட்டத்தானே சொல்லியிருந்தார்?

மூன்று நாள் கழித்து ஆலையின் எடை மிஷினில் ஏற்றிப் பார்த்தார்கள். அதே எண்பத்தெட்டு.

“கணக்குச் சரியில்லாத ஆளைக் கயித்துல நிறுத்த முடியாது” என்றார் நாச்சிமுத்து. சென்னியப்பன் வேண்டாமென்று இரண்டு கையையும் ஆட்டினார். ஆனால் துண்டுக்கு உள்ளேயிருந்து என்ன சொல்ல முடியும்?

அப்போதுதான் ராக்கியப்பன் வாயைத் திறந்தார். ஏழு பேரில் அவர்தான் ஐந்தாம் வகுப்பு வரை போனவர். “எடை குறையலேன்னா ஒசரத்தைக் கூட்டலாமுங்களே? பதினெட்டு சென்டிமீட்டர்தானுங்க.”

மிஷின் மேலேயே ஒரு காலுக்கு ஒரு செங்கல் வைத்து அதில் சென்னியப்பனை நிறுத்தினார்கள். உயரம் ஏழு சென்டிமீட்டர் கூடியது. எடை ஆறு கிலோ கூடியது.

நாச்சிமுத்து கண்ணை மூடி யோசித்தார். “ஒரு வரிசைக்கு ஒரு கிலோ மிச்சம். அப்பப் பதினெட்டு வரிசை.”

மத்தியானத்துக்குள் மிஷின் மேல் இரண்டு செங்கல் தூண்கள் எழும்பின. ஏணி வைத்துச் சென்னியப்பனை ஏற்றினார்கள். மிஷின் தட்டிலிருந்து அவர் உச்சந்தலை வரை இருநூற்றுத் தொண்ணூற்றாறு சென்டிமீட்டர். நூறைக் கழித்தால் நூற்றுத் தொண்ணூற்றாறு. மிஷினும் நூற்றுத் தொண்ணூற்றாறு என்றே காட்டியது. ஒரு கிலோ கூடவுமில்லை, குறையவுமில்லை. ஆறு பேரும் கைதட்டினார்கள். சென்னியப்பனுக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. மேலேயிருந்து எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டார். கும்பிட்டபோதுதான் இடது தூண் ஆடியது.

நல்லவேளை, விழுந்தது தவிட்டுக் குவியலில்.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். டாக்டரம்மா முதலில் துண்டை அவிழ்த்தார். பிறகு முழுக்கதையையும் கேட்டார். கேட்டுவிட்டு அவரை முழுசாகச் சோதித்துப் பார்த்தார்.

“அது ஒரு குத்துமதிப்புக் கணக்குங்க. ஆளுடைய எலும்பு, சதை, வயசு எதுவும் அதுக்குத் தெரியாது. நீங்க மூட்டை தூக்கற ஆளு, சதை இறுகிக் கிடக்குது. அதுக்கே கனம் ஜாஸ்தி. இடுப்பு அளவு, பிரஷர், சுகர் எல்லாம் இப்பப் பார்த்துட்டேன். நல்லாத்தான் இருக்கீங்க. அந்தக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது.”

சென்னியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. “அப்பக் கயிறு இழுக்கலாமுங்களா?”

“தாராளமா.”

திரும்பி வரும் வழியெல்லாம் நாச்சிமுத்து யோசித்துக்கொண்டே வந்தார். ஆலை வாசலில் நின்று சீட்டை எடுத்துப் பார்த்தார்.

“பொருந்தாதுன்னா என்ன அர்த்தம்? இது வேற யாரோட கணக்கோ. நம்மகிட்ட மாறி வந்துருச்சு.”

“அடப் பாவமே” என்றார் சென்னியப்பன். “அந்த மனுசன் கணக்கில்லாம என்ன பாடு படறாரோ.”

மறுநாளிலிருந்து எடை மிஷினைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். நூற்று எழுபது சென்டிமீட்டர் உயரமும் எழுபது கிலோ எடையுமாக ஊரில் ஒருவரும் அகப்படவில்லை. பொங்கல் வந்துவிட்டது. போட்டிக்கும் மிஷினோடு போனார்கள்.

கயிறு விறைத்தது. சென்னியப்பன் குதிகாலை ஊன்றி ஒரு இழு இழுத்தார். ஓடைப்பட்டி அணி நாலடி முன்னால் வந்தது. இன்னும் ஒரு அடி வந்தால் கோப்பை கரட்டுப்பாளையத்துக்கு. அந்த நேரம் பார்த்து, முன்னால் நின்ற நாச்சிமுத்து எதிரே கயிறு பிடித்திருந்த கிட்டுசாமியை மேலும் கீழும் பார்த்தார். சென்னியப்பன் உயரம்தான். ஆனால் ஒல்லி.

“டேய்! கணக்குக்காரரு!”

ஏழு பேரும் கயிற்றை விட்டார்கள்.

ஓடைப்பட்டிக்காரர்கள் மொத்தமாகப் பின்னால் போய் வாய்க்கால் சேற்றில் விழுந்தார்கள். ஓடைப்பட்டி ஜெயித்ததாக நடுவர் விசில் ஊதினார். அதற்குள் சென்னியப்பன் கிட்டுசாமியைச் சேற்றிலிருந்து அள்ளி வந்து மிஷினில் நிறுத்தியிருந்தார். உயரம் நூற்று எழுபது. எடை எழுபத்திரண்டு.

“ஏனுங்க, என்னை விடுங்க!” என்றார் கிட்டுசாமி.

“பொறுங்க சாமி, உங்க நல்லதுக்குத்தான்” என்றார் சென்னியப்பன்.

நடுவர் வந்து கிட்டுசாமிக்கு மாலை போட்டு, கையில் கோப்பையைக் கொடுத்தார். எழுபத்தைந்து.

“போச்சு!” என்று ஏழு பேரும் தலையில் கை வைத்தார்கள். சென்னியப்பன் கோப்பையை வாங்கிக்கொண்டார். எழுபத்து மூன்று. ராக்கியப்பன் மாலையைக் கழற்றினார். எழுபத்திரண்டு. வழித்தெடுத்த சேறு ஒரு கிலோ வந்தது.

எழுபத்தொன்று.

இனி எடுக்க ஒன்றுமில்லை. நாச்சிமுத்து மிஷினைச் சுற்றி நிதானமாக ஒருமுறை நடந்தார். பிறகு கிட்டுசாமியின் முறுக்கு மீசையை வெகுநேரம் பார்த்தார்.

ராக்கியப்பன் கத்தரிக்கோல் வாங்கி வர ஓடினார்.