உத்திராபதி காத்த வெள்ளம்

ஓடம்பாக்குடி விவசாயிகள் சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள். அதனாலேயே அதிகாரிகள் அந்த ஊரில் எதையும் சொல்லப் பயப்படுவார்கள்.

அந்தக் கார்த்திகையில் மழை ஒன்பது நாள் விடாமல் ஊற்றியது. உத்திராபதியின் இரண்டு ஏக்கர் சம்பாப் பயிர் மூழ்கி அழுகிப்போனது. மறுபடி விதைக்க விதைநெல்லுக்குக்கூட வழியில்லை. மனுஷர் தலையில் கைவைத்தபடி வரப்பில் நின்றார். பக்கத்து வயல் வைரக்கண்ணு வழுக்கி விழுந்து சேற்றில் உட்கார்ந்திருந்தார். அதற்கடுத்த வயல் பக்கிரிசாமி வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து வி.ஏ.ஓ. அம்மா வந்தார். "நிவாரணம் உண்டு. பெரிய அதிகாரி நேர்ல வந்து பார்ப்பார். அதுவரைக்கும் எல்லாம் இப்ப இருக்கிற மாதிரியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் வெயில் அடித்தது. தண்ணீர் ஒரு சாண் இறங்கியிருப்பதைப் பார்த்த உத்திராபதி பக்கத்து வயலுக்கு ஓடினார்.

"வைரக்கண்ணு! வெள்ளம் ஓடிப்போகுதய்யா!"

"எந்தப் பக்கமா?"

"வடிகால் வழியா!"

மண்மூட்டை போட்டு வடிகாலை அடைத்தார்கள். இறங்கிய தண்ணீருக்குப் பதிலாக, பக்கிரிசாமியின் டீசல் எஞ்சினை வைத்து வாய்க்காலிலிருந்து இறைத்தார்கள். முழங்கால் அளவு வெள்ளம் என்று வி.ஏ.ஓ. அம்மா எழுதிக்கொண்டு போயிருந்தார். யாருடைய முழங்கால் என்பதில் தகராறு வந்தது. கடைசியில் உயரமான உத்திராபதியின் முழங்கால்தான் என்று முடிவாகி, குட்டையான வைரக்கண்ணுவின் வேட்டி நனைந்தது.

பக்கிரிசாமி யோசித்தார். "எல்லாம் அப்படியே இருக்கணும்னாங்க. நாமளும் அந்த எல்லாத்துல சேர்த்திதானே?"

அன்று முதல் விடிந்ததும் உத்திராபதி வரப்பில் தலையில் கைவைத்து நின்றார். வைரக்கண்ணு சேற்றில் உட்கார்ந்தார். பக்கிரிசாமி பொழுதுக்கும் வெற்றிலை மென்று நாக்கு வெந்துபோனார். உத்திராபதிக்கு அவர் மனைவி தனக்கோடிதான் சோறு ஊட்டினாள். கையை எடுத்தால் நிவாரணம் போய்விடுமே!

பதினோராம் நாள் அதிகாரி வந்தார்.

"ஊரெல்லாம் காஞ்சு வெடிச்சுக் கிடக்கு. இங்க மட்டும் எப்படிய்யா வெள்ளம்?"

"சும்மா இல்ல சார். கண்ணுக்குக் கண்ணா காப்பாத்தி வச்சிருக்கோம்" என்றார் உத்திராபதி, தலையிலிருந்து கையை எடுக்காமல்.

அதிகாரி எஞ்சினைப் பார்த்தார். மூன்று பேரையும் பார்த்தார். குனிந்து ஒரு குத்துப் பயிரைப் பிடுங்கினார். வேர் எப்போதோ கறுத்து அழுகியிருந்தது.

"மழையிலயே செத்த பயிர்தான். எழுதிடறேன். பத்து நாள்ல பணம் உங்க கணக்குல வந்து விழும்."

உத்திராபதி கையை இறக்கி, வீட்டுக்கு ஓடி, பாஸ்புக்கை நடுவீட்டில் விரித்து வைத்தார். அண்ணாந்து பார்த்தால் ஓடு.

"விழ வழியே இல்லையே தனக்கோடி!"

ஏணி போட்டு இருபது ஓட்டைப் பிரித்தார். பத்து நாளில் காக்கை எச்சம் ஒன்றுதான் விழுந்தது. முன்பணமாக இருக்கும் என்று தனக்கோடி அதைத் துடைக்காமல் விட்டாள்.

பதினோராம் நாள் பேங்கில் பாஸ்புக்கை அச்சடித்துப் பார்த்தால், பணம் வந்திருந்தது. விதைநெல் வாங்கலாம்! உத்திராபதிக்குக் கண் கலங்கியது.

"விழுந்த சத்தமே கேக்கலையே" என்றார்.

வைரக்கண்ணுவுக்கும் வந்திருந்தது. அங்கேதான் உத்திராபதிக்குக் குழப்பம்.

"உன்னுது மாடி வீடு. காங்கிரீட்டு. எப்படிய்யா உள்ள வந்துச்சு?"

வைரக்கண்ணு விரலை மேலே காட்டிக் கீழே இறக்கினார். "மாடியில விழுந்து, படி வழியா இறங்கி வந்திருக்கும்."

உத்திராபதிக்கு அது சரியாகவே பட்டது. அன்று சாயங்காலமே கொத்தனாரைக் கூப்பிட்டு, தன் ஓட்டு வீட்டுக்கு ஒரு மாடிப்படி கட்டச் சொன்னார்.

"மாடி எங்கங்க?" என்றார் கொத்தனார்.

"மாடி எதுக்குய்யா? பணம் இறங்கி வரப் படி போதாதா?"