வரப்பு திறந்துதான் இருக்கிறது

முன்னொரு காலத்தில் கடலோரமாகக் கிடந்த வேலாங்கரை நாட்டைச் செம்பியராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். அவனுக்குக் காலையில் ஒரு புத்தி, சாயங்காலம் ஒரு புத்தி. பதினெட்டு வருஷமாக அந்த இரண்டு புத்திக்கும் நடுவில் நின்று நின்றே மந்திரி மாசிலாமணிக்கு முழங்கால் தேய்ந்துபோயிருந்தது.

விழாத் தலைவர் திருமேனிநாதர். ராஜாவுக்கு வலப்பக்கத்து ஆசனம் ஒருகாலத்தில் மாசிலாமணியுடையது. அவர் காய்ச்சலில் படுத்த அன்று திருமேனிநாதர் அதில் உட்கார்ந்தார். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. அது நடந்து பதினொரு வருஷம் ஆகிறது. அன்று வியாழக்கிழமை என்பதுகூட மந்திரிக்கு மறக்கவில்லை.

மாசித் திருவிழாவில் சாமி எந்தத் தெருவுக்குப் போகும், தேர்வடத்தை யார் முதலில் தொடுவார்கள் என்பதெல்லாம் விழாச் சபையில்தான் முடிவாகும். அந்தச் சபையில் தங்களுக்கும் இடம் வேண்டும் என்று தென்கரை உப்பளத்து ஜனங்கள் வருஷாவருஷம் ஓலை கொடுப்பார்கள். திருமேனிநாதர் ஏதாவது சொல்லித் தள்ளிவிடுவார். அடுத்த வருஷம் மாசிலாமணி அதே ஓலையைத் தூசி தட்டி மறுபடி வாசிப்பார்.

இந்த வருஷம் ராஜாவின் காலைப் புத்தி நன்றாக இருந்தது. "இனி எல்லாரும் சமம்! சபைக் கதவை எல்லாருக்கும் திறந்து வையுங்கள்!" என்றான்.

திருமேனிநாதரும் திறந்து வைத்தார். குன்றுமேல் மண்டபத்தில், சூரியன் உதிக்கும் நேரத்தில், எல்லாருக்கும் ஒரே நேரம் என்று வைத்தார். தென்கரையிலிருந்து ஒருத்தர்கூட வரவில்லை.

சாயங்காலப் புத்தி வந்துவிட்டது. "அழைத்தும் வரவில்லையா? அவ்வளவு திமிரா? தென்கரைக்குச் சாமி என்றைக்கும் போகாது. அவர்கள் வடத்தைத் தொடக் கூடாது. நாளைச் சாயங்காலம் தண்டோரா போடுங்கள்!"

"கதவு திறந்துதான் இருந்தது மகாராஜா. வராதவர்களை நாங்கள் தூக்கிக்கொண்டா வர முடியும்?" என்றார் திருமேனிநாதர். சபையே சிரித்தது.

மாசிலாமணி சிரிக்கவில்லை. நாளைச் சாயங்காலத்துக்குள் ஏதாவது செய்தாக வேண்டும். முழங்காலைப் பிடித்துக்கொண்டு உப்பளத்துக்கு நடந்தார். தென்கரைக்காகப் பேசுகிறவள் வெயிலுகந்தாள். உப்பு வாரும் பலகையைக் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிரக்கூட இல்லை.

"ஏம்மா, ஒருத்தராவது வரக் கூடாதா?"

"பொழுது விடியுமுன்ன பாத்தியில எறங்கினாத்தான் வெயில் ஏறுமுன்ன உப்பக் கரையேத்த முடியும். நாங்க அங்க வந்து உக்காந்தா, உப்ப யாருய்யா வாருவா? திருமேனிநாதரா?"

"அவர் உப்பளத்தில் இறங்குவதைப் பார்க்க எனக்கும் ஆசைதான்" என்றார் மாசிலாமணி. சொன்னவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு, "தாயி, நாளை மத்தியானம் ராஜாவுக்கு நண்டுக்குழம்பு வைக்க முடியுமா?" என்று கேட்டார்.

மறுநாள் சபையில் தன் முத்திரை மோதிரத்தைக் கழற்றி வைத்தார். "தண்டோராவுக்கு முன்னால் தென்கரையார் நண்டுக்குழம்பு விருந்து வைக்கிறார்கள் மகாராஜா. யாரும் வரலாம். இன்று மத்தியானமே நீங்கள் அங்கே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டால் இந்த மோதிரமும் என் பதவியும் திருமேனிநாதருக்கு."

நண்டுக்குழம்பு என்றதும் ராஜா பல்லக்கு ஏறிவிட்டான். மோதிரம் என்றதும் திருமேனிநாதர் அவனுக்கு முன்னால் ஓடினார்.

உப்பளத்தின் அந்தக் கடைசியில் கொட்டகை. இலை போட்டுக் குழம்பு மணந்தது. நடுவில் நூறு பாத்தி. போக ஒரு சாண் அகல வரப்பு. உச்சி வெயில்.

"செருப்பக் கழத்துங்க சாமி. செருப்பு பட்டா பாத்தித் தளம் கெட்டுரும். இங்க எல்லாருக்கும் அதான் வழக்கம்" என்றாள் வெயிலுகந்தாள். சொல்லிவிட்டுத் தலையில் தண்ணீர்க் குடத்தோடு வரப்பில் விறுவிறுவென்று போய்விட்டாள்.

ராஜா ஒரு காலை வைத்தான். சுட்டது. எடுத்துக்கொண்டான்.

"இதென்ன பிரமாதம்!" என்று திருமேனிநாதர் பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினார். நாலடி குதித்தார். ஐந்தாவது அடியில் வழுக்கி உப்புத் தண்ணீரில் விழுந்தார். எழுந்தபோது உப்பில் ஊறிய கருவாடு மாதிரி இருந்தார்.

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தான். கொஞ்ச நேரத்தில் அதே வயிறு பசித்தது. "மாசிலாமணி! இதில் நான் எப்படிப் போவது?"

"வரப்பு திறந்துதான் இருக்கிறது மகாராஜா. எல்லாருக்கும் ஒரே வரப்பு, ஒரே வெயில். வராதவர்களை நாங்கள் தூக்கிக்கொண்டா வர முடியும்?"

அக்கரையில் இலை காத்திருந்தது. ராஜா தன் வெறுங்காலைப் பார்த்தான், பிறகு தூரத்தில் குன்றுமேல் மண்டபத்தைப் பார்த்தான்.

வெயிலுகந்தாள் திரும்பி வந்தாள். "வெயில் தாழ வாங்க ராசா. அப்ப சுடாது. வரப்பு மேல பலகை போட்டு வைக்கோம். ஒருத்தரக் கூப்பிட்டா, அவுக வாற மாதிரி வழியும் போடணும்லா?"

சாயங்காலம் ராஜா பலகைமேல் நடந்து வந்து, மூன்று தடவை குழம்பு வாங்கிச் சாப்பிட்டான். தண்டோராவும் போட்டார்கள், சேதிதான் வேறு. சபை இனி வேலை முடிந்து எல்லாரும் கரையேறிய பிறகு, குன்றின் அடிவாரத்தில் கூடும். வெயிலுகந்தாளுக்கு அதில் இடம். சாமி தென்கரைக்குப் போகும். திருமேனிநாதர் வருஷாவருஷம் செருப்பில்லாமல் தெருத்தெருவாகப் போய், "உங்களுக்கு எந்த நேரம் தோதுப்படும்?" என்று கேட்டு வர வேண்டும்.

"உமக்கு என்ன வேண்டும் மாசிலாமணி? வலப்பக்கத்து ஆசனமா?"

"நான் உட்கார வேண்டாம் மகாராஜா. அவர் எழுந்தால் போதும்."

மாசித் திருவிழாவில் முதல் முறையாகச் சாமி தென்கரைக்குக் கிளம்பியது. வெயிலுகந்தாள் வடத்தைத் தொட்டபோது கொட்டும் குலவையும் ஊரைத் தூக்கின. "மந்திரியைக் காணோமே, ஆள் அனுப்பட்டுமா?" என்று ராஜா கேட்டான்.

"வேணாம் ராசா, அவுக தூங்கட்டும்" என்றாள் அவள். "இந்த வருசந்தான் அவுக கையில எங்க ஓல இல்ல."

கொட்டுச் சத்தம் மாசிலாமணி வீட்டைத் தாண்டிப் போனது. கிழவர் புரண்டு படுத்தார். சாமி தென்கரை போய்ச் சேர்ந்தது. கதையும் அதோடு சேர்ந்தது.