எந்த வாசல் வழியாடி போறே?

ஒரு ஊர்ல ஒரு வெளிச்சப் பொட்டு இருந்துச்சு. பேரு மினுக்கி. கடுகளவுகூட இருக்க மாட்டா. காலை நீட்டிப் படு ஜெசி, சும்மா உதைக்காத.

மினுக்கியோட அக்காவுக்குக் கல்யாணம். அந்த ஊர்ல கூரைப்புடவையைக் கடையில வாங்க மாட்டாங்க. ஒரு மதில். மதில்ல பக்கத்துப் பக்கத்துல ரெண்டு வாசல். அந்தப் பக்கம் வெள்ளைத் துணி கட்டியிருக்கும். சொந்தக்காரப் பொட்டுங்க ஒவ்வொண்ணா, தனித்தனியா, மதிலைத் தாண்டிப் போய் ஒட்டிக்கும். டப்... டப்... டப்... கடைசியில பாத்தா துணி முழுக்கக் கோடு கோடா புடவை! ஒரு வாசலை அடைச்சுட்டா கோடே விழாது. கேக்கறியா, தூங்கிட்டியா?

"ம்."

வாசலுக்குக் காவல் பெர்னதத் அத்தை. அவங்களுக்கு எல்லாம் தெரிஞ்சாகணும். கிளம்புறவளை யாராவது எங்கேன்னு கேப்பாங்களா? கேட்டாங்க.

"எந்த வாசல் வழியாடி போறே?"

"தெரியலையே அத்தை. இந்த வாசல்னு ஒண்ணு கிடையாது."

"ஒத்த ஆளு, ரெண்டு வாசல்லயுமா போவே? வெக்கமா இல்ல? ஓரமா நில்லு!"

மினுக்கிக்கு முகமெல்லாம் எரிஞ்சுது. அவ பொய் சொல்லல. யாரும் கேக்காத வரைக்கும் அந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது.

அப்புறம் அத்தை வாசல்ல டார்ச் அடிச்சாங்க. பளிச்! ஒவ்வொரு பொட்டும் இடதோ வலதோ, ஏதோ ஒண்ணுலதான் போச்சு. "பாத்தியா பொய்க்காரி!" ஆனா துணியில கோட்டைக் காணோம். ரெண்டே ரெண்டு திட்டு.

அப்புறம் ரெண்டாவது துணி. டார்ச் வேணாம்னு வாசப்படியில மாவைத் தூவினாங்க. தடம் பதிஞ்சுது. மறுபடி ரெண்டு திட்டு.

அப்போ மாப்பிள்ளையோட அம்மா வந்து துணியை ரெண்டு விரலால தூக்கினாங்க. "இது புடவையா, கரித்துணியா? இன்னொண்ணும் இப்படின்னா நாங்க கிளம்புறோம்." அக்கா தலையே நிமிரல.

மூணாவது, கடைசித் துணி. அத்தைக்குத்தான் மூளை வழியுதே! இடது வாசல்ல மட்டும் மணி கட்டினாங்க. "அடிச்சா இடது, அடிக்கலன்னா வலது. வலது வாசலை நான் பாக்கவும் இல்ல, தொடவும் இல்ல." கிணிங்... சத்தமில்ல... கிணிங்... சத்தமில்லாததும் பதில்தானே? முந்தானையில ரெண்டு திட்டு விழுந்தாச்சு.

மினுக்கி ஓரத்துலேருந்து மெதுவா சொன்னா: "நாங்க எதையும் ஒளிக்கல அத்தை. உங்களுக்குத் தெரிஞ்சுட்டா, அக்காவுக்குப் புடவை இல்ல."

அத்தை திரும்பினாங்க. அக்கா அந்த முந்தானையை மறைச்சு மடிச்சுக்கிட்டு இருந்தா. அத்தைக்கு உடம்பெல்லாம் கூசிப் போச்சு. மணியை அறுத்தாங்க. மாவைக் கூட்டினாங்க. மினுக்கி கிளம்பினா.

"தூரமா?"ன்னாங்க. அவ்வளவுதான்.

"ஆமா அத்தை, தூரந்தான்."

டப்... டப்... டப்... மத்தப் பொட்டுங்களும் பின்னாடியே போக, மீதித் துணி முழுக்கக் கோடு!

கல்யாணம் நடந்துச்சு. முந்தானைத் திட்டு மட்டும் போகவே இல்ல. பந்தியில அக்கா பரிமாற வந்தப்போ, அத்தை இலையையே பாத்துச் சாப்பிட்டாங்க.

"அப்போ மினுக்கி எந்த வாசல்ல..."

கேட்டுட்டா பாரு! புடவை கெட்டுடும். வாயை மூடு, கண்ணை மூடு, கதையும் வாசலைச் சாத்திக்கிச்சு.