தவில்காரரைக் காணோம்

"குருவே, தவில்காரரைக் காணோம்."

மாடிப்படி ஏறிய மூச்சு அடங்குவதற்குள் நாச்சிமுத்து புகாரைச் சொல்லிவிட்டார்.

பூங்கோதை தலை தூக்கவில்லை. சால்டரிங் கம்பியிலிருந்து எழுந்த புகையை ஊதிவிட்டாள்.

"உக்காருங் சார்."

அவர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

காந்திபுரத்தில் ஒரு தையல் கடைக்கு மேலே இருந்தது அவளுடைய பட்டறை. அவளுக்கு வயது முப்பத்து நாலு. அவருக்கு அறுபத்தொன்று. நூல் மில்லில் முப்பத்து மூன்று வருஷம் ஜப்பான் மெஷின்களோடு மல்லுக்கட்டி ஓய்வுபெற்றவர். வீட்டில் சும்மா இருக்க முடியாமல் சனிக்கிழமைதோறும் இவளிடம் வந்து ரேடியோ வேலை கற்றுக்கொண்டார்.

மகள் வயதுப் பெண்ணைக் 'குருவே' என்று கூப்பிட ஆரம்பித்தது கிண்டலுக்குத்தான். அப்புறம் அந்தப் பேர் நின்றுவிட்டது, கிண்டல் போய்விட்டது.

"எந்த ஆம்ப்ளிஃபயர்லீங் காணோம்?"

"ரெண்டுலயும்."

அந்த ரெண்டைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

வேலையில் இருந்தபோது மில் அவரைப் பயிற்சிக்கு ஜப்பானுக்கு அனுப்பியது. அங்கே ஒரு எஞ்சினியர் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் பாட்டுப் போட்டுக் காட்டினார். மனுஷன் உடம்போடுதான் கோயம்புத்தூர் வந்து சேர்ந்தார், மனசு அங்கேயே தங்கிவிட்டது. ஓய்வுபெற்ற மறுமாதம் ஒரு ஜப்பான் ஆம்ப்ளிஃபயரை வரவழைத்தார். தங்க நிறத்தில் முகம், முப்பது கிலோ எடை. ரெண்டு வருஷம் கழித்து இன்னொன்று வந்தது. அது கருப்பு. நீல வெளிச்சத்தில் ரெண்டு முள் ஆடும்.

"மூத்தாள் பத்தாதுன்னு இளையாள் வேறயா?" என்றாள் அவர் மனைவி வசந்தாமணி. அந்தப் பேரே ரெண்டுக்கும் நிலைத்துவிட்டது.

மூத்தாள் பாடினால் வெல்லப்பாகு. இளையாள் பாடினால் துடைத்து வைத்த கண்ணாடி. எது உசத்தி? ஞாயிறு வந்தால் ஒன்றிலிருந்து வயரைக் கழற்றி இன்னொன்றில் மாட்டுவார். சாப்பாட்டிலிருந்து எழுந்து போய் மாட்டுவார். நோட்டுப் புஸ்தகத்தில் எழுதி வைப்பார். 'மூத்தாளிடம் கனிவு. இளையாளிடம் நேர்மை.' கல்யாணப் பத்திரிகைக்குக்கூட மனுஷன் அவ்வளவு யோசித்து எழுதியதில்லை.

ஒருநாள் பூங்கோதையிடமே கேட்டார்.

"ரெண்டுல எது நல்லது குருவே?"

"எதுக்குங்?"

"கேக்கறதுக்குத்தான்."

"யாரு கேக்கறதுக்கு?"

அவர் சிரித்துவிட்டார்.

ரெண்டுமே ஒரு மணி நேரம் சூடேறினால்தான் வாய் திறக்கும். மேல் தகடு இதமாகச் சுடும். ஒரு மார்கழிக் குளிரில் வசந்தாமணி இட்லி மாவுக் குண்டானைக் கொண்டுபோய் இளையாள் தலைமேல் வைத்துவிட்டாள். மாவு என்னவோ பிரமாதமாகப் பொங்கியது. நாச்சிமுத்து போட்ட சத்தம் தெருமுனை வரைக்கும் போனது.

அதற்கப்புறம் அவள் கேட்காமல் வைத்ததில்லை. அவர் சரி என்று சொன்னதும் இல்லை.

தவில்காரர் கதைக்கு வருகிறேன். நாச்சிமுத்துவிடம் ஒரு நாயன ரெக்கார்டு இருந்தது. இடது ஸ்பீக்கரில் தவில், வலதில் நாயனம். ஆம்ப்ளிஃபயரைச் சோதிக்க எப்போதும் அதைத்தான் போடுவார். கொஞ்ச நாளாகத் தவில் மங்கிக்கொண்டே வந்தது.

"பக்கத்துல உக்காந்து வாசிச்சவரு, இப்ப பக்கத்து ஊர்ல வாசிக்கறாரு அம்மிணி."

"வயரை மாத்திப் பாத்தீங்களா?"

"பாத்தேன். ஸ்பீக்கரை இடம் மாத்துனேன். மூத்தாளைக் கழட்டி இளையாளைப் போட்டேன். எதைப் போட்டாலும் இடது பக்கம் செத்துக் கெடக்குது. மில்லுல நாங்க ஒண்ணு சொல்லுவோம். சாமானை மாத்தி வெச்சுப் பாரு. பழுது கூடவே வந்தா சாமான்ல பழுது. நின்ன எடத்துலயே நின்னா எடத்துல பழுது."

"நின்ன எடத்துலயே நிக்குதா?"

"அசைய மாட்டேங்குது. அப்ப ரூம்லதானே பழுது? இடது பக்கம் என்ன இருக்குதுன்னு பாத்தேன். வசந்தாவோட மெத்தை நாற்காலி. பஞ்சு சத்தத்தைக் குடிச்சுருமில்ல? எடுத்து அக்கட்டால ரூம்ல போடச் சொன்னேன்."

பூங்கோதை இப்போதுதான் தலை தூக்கினாள்.

"அக்கா என்ன சொன்னாங்க?"

"ஒண்ணுஞ் சொல்லல. அவ பேசறதையே விட்டுட்டா அம்மிணி. ஒன்றரை வருஷமாச்சு. பக்கத்துலயே உக்காந்திருப்பா, வாயே தொறக்க மாட்டா. நானும் என்ன தப்புப் பண்ணேன்னு யோசிச்சுப் பாக்கறேன், ஒண்ணும் புரியல." அவர் முக்காலியில் நெளிந்தார். "இன்னிக்கு மூணு மணி ரயிலுக்குப் பெங்களூர் போறா. மக வீட்டுக்கு. எப்ப வருவேன்னு எதுத்தாப்புல நின்னு கேட்டேன். 'பாக்கலாம்'ன்னா."

ஒரு தரம் செருமிக்கொண்டார்.

"அவ இல்லாம எனக்கு அந்த வீட்டுல இருக்க முடியாது அம்மிணி. அது அவளுக்கே தெரியும். தெரிஞ்சும் போறா."

பூங்கோதை கையிலிருந்த வயரைச் சுருட்டி ஓரமாக வைத்தாள்.

"சரி, அதை விடு. இடது பக்கத்துச் செவுத்தை இடிச்சுப்போடலாமான்னு கேக்கத்தான் வந்தேன்."

பாருங்கள் மனுஷனை! பொண்டாட்டி பெட்டி கட்டுகிறாள், இவர் கடப்பாரை தேடுகிறார்.

பூங்கோதை சால்டரிங் கம்பியை அணைத்தாள். செருப்பை மாட்டினாள்.

"போலாங்."

"உன்ற சாமான் பை?"

"வேண்டாங்."

ஆட்டோவில் அவருக்கு இடது பக்கம் உட்கார்ந்து வந்தாள். வழியில் ரெண்டு தரம் ஏதோ கேட்டாள் போலிருந்தது. வண்டிச் சத்தத்தில் அவர் காதில் விழவில்லை.

வடவள்ளியில் வீடு. வாசலிலேயே ஒரு சூட்கேஸும் ஒரு கட்டைப்பையும் தயாராக இருந்தன. நாச்சிமுத்து அவற்றைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்.

"வா கண்ணு," என்றாள் வசந்தாமணி. எப்போதும் தாழ்ந்த குரல் அவளுக்கு. "சித்த உக்காரு, காப்பி போடறேன்."

ஹாலில் ஒரு சுவரோரம் மூத்தாளும் இளையாளும். இளையாளைக் காலையிலிருந்தே சூடேற்றி வைத்திருந்தார். ரெண்டு பக்கமும் ஆள் உயர ஸ்பீக்கர். எதிரே நட்டநடுவில் ஒரு சுழல் நாற்காலி. மில்லில் பிரிவுபசாரத்துக்குக் கொடுத்தது. அதற்கு இடது பக்கம் தரையில் நாலு தடம் தெரிந்தது, மெத்தை நாற்காலியின் கால்கள் வருஷக்கணக்காக அழுந்திய இடம்.

நாற்காலிக்குப் பின்னால், எதிர்ச் சுவரில் ஒரு போட்டோ. அதுவும் மில் கொடுத்ததுதான். முப்பது வயசு நாச்சிமுத்து மெஷின்மேல் சாய்ந்திருப்பார். திருப்புளியின் முனை பேரிங்கில், பிடி அவருடைய இடது காதில். அப்படிக் கேட்டே 'இது இன்னும் பத்து நாள் தாங்கும்' என்று சொல்லிவிடுவார். தாங்கும். பதினோராம் நாள் போய்விடும். 'காது நாச்சிமுத்து' என்றுதான் மில்லில் பேர். அந்தப் பேரைக் கேட்க அவருக்கு இன்றைக்கும் ஆசைதான்.

"உக்காருங் சார். ரெக்கார்டை நான் போடறேன்."

நாச்சிமுத்து உட்கார்ந்தார். ஊசி இறங்குவதற்கு முன்பே கண்ணை மூடிக்கொள்வது அவர் வழக்கம். மூடிக்கொண்டார்.

கண்ணை மூடியிருந்ததால் அவர் பார்க்காததை நான் சொல்கிறேன்.

வசந்தாமணி கையில் மாவுக் குண்டானோடு சமையலறையிலிருந்து வந்தாள். அவருக்கு இடது பக்கம், தன் நாற்காலி இருந்த இடத்தில் நின்றாள்.

"ஏனுங்க, மூணு நாளைக்கு மாவு கரைச்சிருக்கேன். குளிருக்குப் பொங்காது. இளையாள் மேல வெச்சுக்கட்டுங்களா?"

நாச்சிமுத்துவின் முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை. நிம்மதியாகக் கண்மூடி, பாட்டு வரட்டும் என்று காத்திருந்தார்.

வசந்தாமணி பூங்கோதையைப் பார்த்தாள்.

"பாத்தியா கண்ணு? இதேதான். ஒன்றரை வருஷமா இதேதான். நானும் எத்தனை நாளைக்கு இந்தச் செவுத்துகிட்டப் பேசறது?"

குண்டானை இளையாள் தலைமேல் வைத்தாள். உள்ளே போய்விட்டாள்.

பூங்கோதை கொஞ்ச நேரம் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஊசியை இறக்கினாள்.

நாயனம் எழுந்தது.

"எப்படீங் இருக்குது?" இந்தத் தரம் அவருக்கு வலது பக்கம் வந்து நின்று கேட்டாள்.

"நாயனம் அருமை. தவில்காரரைத்தான் காணோம்."

"கண்ணைத் தொறக்காதீங்."

நாற்காலியின் முதுகில் கை வைத்தாள். அரை வட்டம் சுழற்றி நிறுத்தினாள்.

நாச்சிமுத்துவின் முகம் மலர்ந்தது.

"அட! வந்துட்டாரு! தவில்காரரு வந்துட்டாரு குருவே! என்ன பண்ணினே? அப்படியே விரல் விரலா உருளுது பாரு!"

தொடையில் தாளம் போட்டார். ரெண்டு ஆவர்த்தனம் போட்டிருப்பார். கை நின்றது.

"ஆனா... நாயனம் எங்க போச்சு?"

"கண்ணைத் தொறங்க."

திறந்தார்.

எதிரே ஆம்ப்ளிஃபயர் இல்லை, சுவர் இருந்தது. சுவரில் முப்பது வயசு நாச்சிமுத்து, மெஷினில் காதை வைத்துச் சாய்ந்திருந்தார்.

நாச்சிமுத்து போட்டோவைப் பார்த்தார். பிறகு மெதுவாக வலது கையைத் தூக்கினார். சுட்டுவிரலால் வலது காதை அடைத்தார்.

தவில் போய்விட்டது. நாயனமும் போய்விட்டது. தெருவில் போன பால் வண்டியும் போய்விட்டது.

விரலை எடுத்தார். எல்லாம் வந்தது. மறுபடியும் அடைத்தார், எல்லாம் போனது. மூன்றாம் தரமும் அடைத்துப் பார்த்தார்.

"இந்தக் காதுதான் அம்மிணி எங்களுக்குச் சோறு போட்டது," என்றார்.

பூங்கோதை ஊசியைத் தூக்கி வைத்தாள். சமையலறைப் பக்கம் நடந்தாள்.

நாச்சிமுத்து தரையிலிருந்த நாலு தடத்தையும் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். இத்தனை வருஷமும் இடது பக்கம் இருந்த தடங்கள் இப்போது அவருக்கு வலது பக்கம் இருந்தன.

எழுந்தார். பின்னால் திரும்பிப் பார்க்காமல் பக்கத்து அறைக்குப் போனார். மெத்தை நாற்காலியைத் தானே தூக்கிவந்தார். அறுபத்தொரு வயசில் அது லேசு இல்லை. நாலு தடத்திலும் நாலு காலும் பொருந்துகிற வரைக்கும் குனிந்து நகர்த்தினார்.

சுழல் நாற்காலியை அவர் திருப்பவில்லை. ஜப்பான்காரர்கள் ரெண்டு பேருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார்.

"வசந்தா, இங்க வா."

வந்தாள். கையைச் சேலைத் தலைப்பில் துடைத்தபடி நின்றாள். நாற்காலியைப் பார்த்தாள்.

"ரயிலுக்கு நேரமாச்சுங்க."

"சித்த உக்காரு."

நுனியில் உட்கார்ந்தாள்.

"ஒன்றரை வருஷமா என்னென்ன சொன்னே?"

"இப்ப எதுக்குங்க அதெல்லாம்?" அவள் முகம் சிவந்தது. "சொன்னப்பக் கேட்டீங்களா?"

"கேக்கல."

"தெரியுதில்ல?"

"இல்ல புள்ள." அவர் இடது காதைத் தொட்டுக் காட்டினார். "இதுல கேக்கல."

வசந்தாமணி புரியாமல் பார்த்தாள். பிறகு புரிந்தது. கை தானாக வாய்க்குப் போனது. கண் நிரம்பி வழிந்தது. துடைக்கவில்லை.

"ஐயோ, நான் என்னென்னமோ நெனச்சுட்டனே," என்றாள்.

அவள் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார இன்னும் கொஞ்ச நேரம் ஆனது.

"சொல்லு," என்றார்.

"என்னத்தைங்க சொல்றது... உங்க இளையாள் தலைமேல மாவுக் குண்டான் இருக்குது. கேட்டுட்டுத்தான் வெச்சேன்."

நாச்சிமுத்து திரும்பவில்லை.

"இருக்கட்டும்," என்றார். "அப்புறம்?"