குருபாதத்தின் தேன் ஆயில்

கோத்தகிரியில் பழைய வண்டி விற்கும் குருபாதம் வாய்ச்சவடாலில் மன்னர். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப்போக, அவரிடம் பழைய ஃபோர்வீல் ஜீப் ஒன்றை வாங்க வந்தாள் தெய்வானை.

"டிஃபரன்ஷியல் ஆயிலை, அதான் அச்சுல இருக்கிற பல்சக்கரப் பெட்டி ஆயிலை, மட்டும் மாத்திக் குடுங்கண்ணே. பிள்ளைங்க ஏறுற வண்டி."

"போன வாரம் ஊத்தின ஆயில், அசல் தேன்! அதைத் தொட்டா வண்டியே தர மாட்டேன்" என்று அவர் சீறினார்.

தெய்வானை பணிவாகச் சொன்னாள்: "அவ்வளவு நல்ல ஆயில் எங்களுக்கு எதுக்குண்ணே? அதை வாசல்ல நிக்குற உங்க சொந்தப் புது ஜீப்புக்கு ஊத்திக்குங்க. உங்க வண்டியில இருக்கிறதை எங்களுக்குக் குடுங்க, போதும்."

"ஐயையோ! அந்தக் கருமத்தை ஊத்தினா என் வண்டியோட பல்சக்கரமெல்லாம் தேஞ்சிடும்!" என்று அலறிய பிறகுதான், தான் சொன்னது அவருக்கே உறைத்தது.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். குருபாதமும் சிரித்துவிட்டார். புது ஆயில் டின்னோடு தானே ஜீப்புக்கு அடியில் படுத்துக்கொண்டு, "அந்த ஸ்பேனரை எடு தங்கச்சி" என்றார்.