இடுப்பில் ஏறி வந்த பிள்ளைகள்

குருவுக்கு வயது இருபத்தெட்டு, சிஷ்யைக்கு ஐம்பத்தொன்று. பாதிச் சண்டை அதிலேயே இருந்தது.

குரு அமுதவல்லி, இயன்முறை மருத்துவர். சின்னப் பிள்ளைகளின் கை கால் அசைவு வயதுக்கேற்ப இருக்கிறதா என்று பார்க்க அங்கன்வாடிக்காரர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர். அவரிடம் கற்ற தவமணி, ஊரின் கடைசி வார்டில் பத்தொன்பது வருஷமாக அங்கன்வாடி நடத்துகிறவர்.

புதன்கிழமை காலை, பிள்ளைகள் வந்துசேர்ந்த பிறகு, பிள்ளைக்கு ஒன்றாகத் தவமணி நிரப்பி வைத்திருந்த அசைவுப் பரிசோதனைத் தாள்களை அமுதவல்லி புரட்டினார். இருபத்திரண்டு பிள்ளைகள். எல்லோருக்கும் எல்லாக் கட்டத்திலும் டிக். குறை என்று எழுதப்பட்ட பிள்ளையை மட்டும் மறுநாள் வேன் வந்து மாவட்ட மையத்துக்கு அழைத்துப்போகும். அடுத்த வேன் ஆறு மாதம் கழித்துத்தான்.

"ஒருத்தருக்குக்கூடக் குறை இல்லையா, அக்கா?"

"இல்லாததை எழுதச் சொல்றீங்களா? நீங்க நாலாங்கிளாஸ் படிச்சப்பவே நான் இங்க சத்துமாவு உருண்டை பிடிச்சிட்டிருந்தேன். என் பிள்ளைங்களை எனக்குத் தெரியாதா?"

"படி ஏறுறதுக்கும் டிக் போட்டிருக்கீங்க. பாத்தீங்களா?"

"வாசல்ல மூணு படி இருக்கே மேடம். ஏறாம எப்படி உள்ள வந்திருக்கும்?"

"நான் இவ்வளவு நேரம் வாசல்லதான் நின்னேன். நீங்க தூக்கிட்டு வந்தீங்க."

தவமணிக்குக் கோபம் வந்துவிட்டது. வாசலில் திறந்த சாக்கடை. அதற்கு மூடி கேட்டுப் பதினோரு மனு கொடுத்தாயிற்று. பதினோராவது மனுவுக்கு வந்த பதில், பத்தாவது மனுவின் நகலைக் கேட்டது. அதனால் தாய்மார்கள் அந்தப் பக்கம் நின்று பிள்ளையை நீட்டுவார்கள். தவமணி வாங்கி, இடுப்பில் வைத்து, படியேறி, பாயில் உட்கார வைப்பார். சாயங்காலமும் அப்படியே. பிள்ளைகளின் கால் அந்தப் படியில் பட்டதே இல்லை.

"தூக்காம? விழுந்து கால் ஒடிஞ்சா அதுக்கு எந்தக் கட்டத்துல டிக் போடணும்?"

அமுதவல்லி வாசலுக்கு இறங்கினார். சாக்கடைக்கு முதுகு காட்டி, இரு கைகளையும் அகல விரித்து நின்றுகொண்டார்.

"ஒவ்வொருத்தரா கீழ்ப்படியில விடுங்க. அப்புறம் தொடாதீங்க."

பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகிவிட்டது. ஒருவன் ஏறியதும் மறுபடி ஏற வேண்டும் என்று அழுதான். தவமணி ஒவ்வொருவருக்கும், "பாத்துக்கங்க மேடம், ஏறுதா? நல்லாப் பாத்துக்கங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

கடைசியாக நிலோஃபர். நாலு வயது.

வலது காலை வைத்தாள். இடது கால் வரவில்லை. குனிந்து இரு கைகளையும் படியில் ஊன்றினாள். இடது காலைப் பின்னால் இழுத்துக்கொண்டே ஏறினாள். இரண்டாவது படியில் நின்று, தூக்கச் சொல்லித் தவமணியைப் பார்த்துக் கைகளை நீட்டினாள்.

தவமணி பாய்ந்தார். அமுதவல்லி அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"விடுங்க மேடம். பிள்ளை கேக்குது."

"ஏறட்டும்."

"நீங்கல்லாம் மனுஷங்கதானா?"

நிலோஃபர் கைகளை மறுபடி ஊன்றினாள். வெகுநேரம் ஆயிற்று. மேலே போய்ச் சேர்ந்ததும் பாயைப் பார்த்துத் தவழ்ந்தாள்.

தவமணி கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு வருஷமா இடுப்புல வச்சிருக்கேன். எல்லாப் பிள்ளையும் ரெண்டு காலாலயும் என்னைக் கவ்விக்கும். இவளுக்கு இடது கால் மட்டும் தொங்கும். சோம்பேறின்னு நெனச்சேன். கிள்ளிக்கூட இருக்கேன்."

அமுதவல்லி நிலோஃபரின் தாளை எடுத்துத் தவமணியின் மடியில் வைத்தார். பேனாவைத் திறந்து கொடுத்தார்.

"கால் தொங்கினதை எழுதுங்க."

"நான் எழுதினா அவ அம்மா என் மூஞ்சியில முழிக்க மாட்டா. நொண்டின்னு பேர் வச்சுட்டேன்னு தெரு முழுக்கச் சொல்லுவா. வாயால சொல்றேனே மேடம். நாளைக்கு வேன்ல நானே கூட வந்து டாக்டர்கிட்ட சொல்லிடறேன்."

"மத்த இருபத்தொரு பேரை யார் பாத்துக்குவா?"

தவமணி உள்ளே இருந்த பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தார்.

"நாளைக்கு அவகூடப் போறது நீங்க இல்ல, அக்கா. இந்தத் தாள்தான்."